குடியிருப்பும் குடியிறையும்

எம் அன்னையார் நோயுற்றுச் சிதம்பரத்தில், மேலவீதியை அடுத்த எம் பழைய இல்லத்தில் படுத்திருந்த காலத்து, அவர்தம் தலைமாட்டில் இரண்டு குறிப்பேடுகள் இருந்தன. ஒன்றில் யாம் மருந்து கொடுத்த வேளைகளைக் குறித்து வந்தோம். மற்றொன்றில் எம் தமையனார் தாம் இந்நாட்டில் தங்கிய நாட்களைக் குறித்து வந்தார். முன்னதன் பயனை யாவரும் அறிவர். பின்னதன் பொருளை யாம் உணரச் சில திங்கள் சென்றன. உணர்ந்ததனை இவ்விதழைப் படிக்கும் மாணவர்க்கும், ஆசிரியர்க்கும், எம்மைப் போன்ற பழைய மாணவர்க்கும் எடுத்துரைத்தல் தகும் எனக் கருதியே இதனை எழுதத் துணிந்தோம்.

தமையனார் கடலூர்த் திருப்பாதிரிப்புலியூரில் சிறு கடையொன்று வைத்துத் தொழில் தொடங்கியவர். வாணிகம் வளர்ந்து துபாய் வரை சென்றபின், நான்காண்டுகட்கு முன், ஆடிட்டர் ஒருவர் கூறிய யோசனைப்படி மனைவி மக்களோடு அந்நகருக்கே குடிபெயர்ந்தார். அங்குத் தனிமனிதர் வருமானத்திற்கு வரி இல்லை. நம் நாட்டுச் சட்டமோ, ஏப்ரல் முதல் நாள் தொடங்கி மார்ச்சு இறுதியில் முடியும் ஓராண்டில் 182 நாள் ஈண்டுத் தங்கியவரை இந்நாட்டு வாசி என்று கொள்ளும். தமையனாரைப் போல அண்மையிற் குடிபெயர்ந்தவர் அவ்வளவு நாள் தங்கிவிடின், அயல்நாட்டில் ஈட்டிய பொருளும் ஈண்டு வரிக்கு உட்படும். 181 நாள் வரை தங்கின் அத்தொல்லை இல்லை. இந்நாட்டிலேயே 15 இலட்சம் ரூபாய்க்கு மேல் வருமானம் உடையவர்க்கு 2020ஆம் ஆண்டுத் திருத்தம் அவ்வளவைச் சுருக்கியது; தமையனார் அவ்வகையினர் அல்லர். ஆகவே அவர் கணக்கு 181 நாளே.

ஒரு நாளால் ஒருவர் இந்நாட்டினராதலும், ஒரு நாளால் அயலாராதலும் வியப்பாகத் தோன்றலாம். ஆனால் எல்லை என்பது எங்கும் அத்தன்மையதே. அதனை அறியக் கடலூரார் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. 1690ஆம் ஆண்டில் ஆங்கிலக் கம்பெனியார் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியரிடமிருந்து விலைக்குப் பெற்றபோது, கோட்டையிலிருந்து சுட்ட பீரங்கிக் குண்டு சென்று விழுந்த தொலைவு வரை உள்ள ஊர்களெல்லாம் தம்முடையன என்பது உடன்படிக்கை. குண்டு கிராமங்கள் என்று அவற்றிற்குப் பெயர் வழங்கிற்று. குண்டு விழுந்த இடத்திற்கு இப்பால் இருந்த உழவன் ஒருவர்க்கும், அப்பால் இருந்தவன் வேறொருவர்க்கும் வரி செலுத்தினான். இருவரும் தம் வரியைத் தாமே தேர்ந்தவர் அல்லர்.

இன்றும் மஞ்சக்குப்பத்திலிருந்து வடக்கே பெண்ணையாற்றைக் கடந்து முள்ளோடையை அடைந்தால் புதுவை எல்லை தொடங்கிவிடும். 1954ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் வரை அது பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. நம் வருமான வரிச் சட்டம் 1963ஆம் ஆண்டு ஏப்ரலிலேதான் அங்குச் செல்லலாயிற்று. இப்பொழுதும் அங்கு எரிபொருளுக்கு வரி குறைவாதலின், கடலூர் வாசிகள் சென்று பெட்ரோல் நிரப்பி வருதல் கண்கூடு. மோட்டார் வண்டி வரியிலும் வேறுபாடு உண்டு. விலையுயர்ந்த வண்டி வாங்கிய கேரள நாட்டுத் தனவந்தரும் நடிகரும் சிலர், புதுவையில் வாழ்வதாகப் பொய்ம்முகவரி தந்து பதிவு செய்தனர் என்ற குற்றச்சாட்டு 2017ஆம் ஆண்டில் எழுந்து வழக்காயிற்று. வாழாத ஊரில் வாழ்வதாகக் கூறுதல் பொய். அதனைப் பற்றி ஆராய வேண்டுவதில்லை. மெய்யாகவே வீட்டை மாற்றிக்கொண்டு, சட்டம் வகுத்த வழியிலேயே வரியைக் குறைத்துக்கொள்பவர் செய்கைதான் ஆராயத்தக்கது.

அதுவும் தமிழர்க்குப் புதுவதன்று. பர்மா, இலங்கை, மலேயா முதலிய நாடுகளிற் கொடுக்கல் வாங்கல் நடத்திய நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் 1922ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின்கீழ், அயல்நாட்டு இலாபத்தை இந்நாட்டிற்குக் கொண்டுவந்தபோதே அதற்கு வரி செலுத்த வேண்டியவராயிருந்தனர். 1939ஆம் ஆண்டுத் திருத்தம், ஈண்டு வாழ்பவர் எங்கு ஈட்டினும் வரி உண்டு என்றது. அன்று முதல், ஒருவர் எங்கே வாழ்கிறார் என்பது பெரும் பொருள்மேல் நிற்கும் வினாவாயிற்று. கொழும்பில் மனைவி மக்களோடு வாழ்ந்து வாணிகம் செய்த ஒருவர், 1941–42ஆம் ஆண்டில் ஏழு முறை வந்து 101 நாளே ஈண்டுத் தங்கினார். எனினும் அவர் கூட்டுக் குடும்பத்தின் தலைவர். கூட்டுக் குடும்பத்திற்குச் சட்டம் நாட்களை எண்ணவில்லை. அதன் காரியங்களை நடத்தும் ஆட்சி முழுவதும் வெளிநாட்டில் உள்ளதா என்றே வினவிற்று. அங்ஙனம் உள்ளதென மெய்ப்பிக்கவில்லை என்று 1950ஆம் ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அவர்க்கு எதிராகத் தீர்ப்பளித்தது.

மேலை நாடுகளிலும் இவ்வாறே. மொனாக்கோ என்னும் சிறு நாடு 1869ஆம் ஆண்டில் வருமான வரியை நீக்கிவிட, செல்வர் பலர் அங்குக் குடியேறினர். தம் குடிகள் அங்ஙனம் சென்று தப்புதலைப் பிரான்சு 1963ஆம் ஆண்டு உடன்படிக்கையால் தடுத்தது. இங்கிலாந்தில், ஆண்டு வாழ்ந்தும் நிலையான தாயகம் வேறென்று கூறுவோர்க்கு 1799ஆம் ஆண்டு முதல் இருந்துவந்த சலுகை 2025ஆம் ஆண்டு ஏப்ரலில் முடிவுற்றது. செல்வர் வீடு மாற்றுவதும், அரசர் வேலி மாற்றுவதுமாக இவ்வாட்டம் ஓயாது நடக்கின்றது.

இனி எம் இல்லத்திற்கு வருவோம். தமையனார் ஆனித் திங்களில் 30 நாள் வந்து தங்கிச் சென்றார். அன்னையார்க்கு நோய் முற்றியது கேட்டு, ஐப்பசி முதல் நாள் மீண்டும் வந்து 140 நாள் உடனிருந்தார். இரவில் யாம் உறங்க, அவர் விழித்திருந்த நாட்கள் பல. 170ஆம் நாளாகிய மார்ச்சு 6ஆம் தேதி அவர் புறப்பட்டார். "எஞ்சிய 11 நாளை, ஏதேனும் நேர்ந்தால் என்று வைத்திருக்கிறேன்" என்று எம்மிடம் தனித்துக் கூறினார். அன்னையார் அவர் கையைப் பற்றி, "உன் நாள் ஆகிவிட்டதா, ஐயா?" என்று மட்டும் கேட்டார். கணக்கின் நுணுக்கம் அவர்க்குத் தெரியாது. கணக்கு ஒன்று உண்டென்பது தெரிந்திருந்தது.

பன்னிரண்டாம் நாள் அன்னையார் இறைவனடி சேர்ந்தார். தமையனார் மறுநாள் வந்தடைந்தார். தாய்க்குக் கொள்ளி வைக்கும் கடன் இளையவராகிய எம்முடையது. அவர் அருகே நின்றார். வைத்திருந்த 11 நாளும் மார்ச்சு 29ஆம் தேதியோடு தீர்ந்தன. பதினாறாம் நாட் சடங்கோ ஏப்ரல் 2ஆம் தேதி. அவர் 29ஆம் தேதி கொழும்பிற்குப் பறந்து, உறவினர் யாருமில்லாத விடுதியொன்றில் தங்கி, புதிய ஆண்டுக் கணக்குப் பிறந்த ஏப்ரல் முதல் நாள் மீண்டு வந்தார். துக்க வீட்டிற்கு வந்தவர் "பெரியவர் எங்கே?" என்று வினவியபோது, யாம் "வேலையாகச் சென்றுள்ளார்" என்று விடை கூறினோம். அவர் சட்டத்திற்கு மாறாக யாதும் செய்திலர். பொய் கூறியவர் யாமே.

அவரைக் குறை கூறுதற்கு எமக்கு வாயில்லை. இக்கல்லூரியில் யாம் பயின்ற மூன்றாண்டுக் கட்டணமும், அன்னையாரின் மருத்துவச் செலவும் அவர் அனுப்பிய பொருளே. அப்பொருளில் வரியாகச் சென்றிருக்க வேண்டிய பங்கு எவ்வளவு என்று யாம் ஒருநாளும் கேட்டதில்லை.

வரிக்கு அஞ்சி ஊர்விட்டு அகலுதல் ஒருகாலத்தில் வறியவர் செய்கையாக இருந்தது. விசயநகர ஆட்சியில் வரிச்சுமை தாங்காத குடிகளும் நெசவாளரும் ஊரைத் துறந்தமையும், வரியைக் குறைத்து அவர்களை மீண்டும் அழைத்தமையும் கல்வெட்டுக்களால் அறிகின்றோம். 1429ஆம் ஆண்டுக் கல்வெட்டுக்கள், விருத்தாசலம் முதலிய இடங்களில் வலங்கையாரும் இடங்கையாரும் ஒன்றுகூடி அளவிறந்த வரிகளை எதிர்த்தமையைக் கூறும். அன்று உழுபவன் அகன்றால் நிலம் தரிசாகும். ஆகவே அரசு இறங்கி வந்தது. இன்று அகல வல்லவர் செல்வரே. கடலூர்த் துறைமுகத்தில் வலை பின்னுபவரும், பண்ணுருட்டியில் பலாத் தோப்புக் காப்பவரும் எங்கே குடிபெயர்வர்? அவர் வாங்கும் சோப்புக் கட்டியிலும் வரி உண்டு. அதற்கு நாட்கணக்குக் கேட்பார் இல்லை.

2011ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் இம்மாவட்டத்தை அலைத்தது. முந்திரியும் பலாவும் வேரொடு சாய்ந்தன. மின்கம்பங்கள் ஒடிந்து ஊர்கள் இருளில் மூழ்கின. அவற்றை மீண்டும் நட்ட பணம் பொதுப்பணம். அப்பொழுது எம் கடைக்கு ஒளி வந்ததும் அதனாலேயே. அக்கடையிலிருந்தே தமையனாரின் துபாய் வாணிகம் கிளைத்தது.

செல்வர் மனமுவந்து கொடுத்தால் போதாதோ என்பார் உளர். கடல்கடந்த வாணிகத்தால் வளர்ந்த குடும்பத்தவரான அண்ணாமலைச் செட்டியார் பெருங்கொடையளித்து நிறுவ, 1929ஆம் ஆண்டு முதல் சிதம்பரத்திற் பல்கலைக்கழகம் விளங்குகின்றது. எம் ஊரார் பலர் அதனால் வாழ்ந்தனர். அக்கொடையை நன்றியோடு போற்றுகின்றோம். ஆயினும் கொடை கொடுப்பார் விருப்பம்; வரியோ யாவரும் கூடி ஏற்ற கடன். ஒன்று மற்றொன்றின் இடத்தை நிரப்பாது.

பதினாறாம் நாள் மாலை, சடங்கு முடிந்து உறவினர் சென்றபின், தமையனார் தம் குறிப்பேட்டின் புதிய பக்கத்தில் 2 என்று எழுதினார். பின்னர் நெடுநேரம் வாளாவிருந்து, "தம்பி, நான் எந்த ஊர்க்காரன்?" என்று கேட்டார். யாம் உடனே விடை கூறவில்லை.

நண்பர்களே! நும்முட் பலர் கற்றுத் தேர்ந்து பொருளீட்டப் பல நாடு செல்வீர். செல்க! எங்கு வாழ்வதென்று தேர்தல் நும் உரிமை. ஆயினும் நாட்களை எண்ணும் ஏட்டில் ஒரு பக்கத்தையேனும் ஒதுக்கி, வளர்த்த ஊர் நுமக்குச் செய்தவற்றையும் எண்ணி எழுதுமின். தமையனார்க்கு அன்று கூறாத விடை எமக்கு அதுவே.