ஒரு கடிகை நேரம்

அரக்கோணத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது, 108 திவ்ய தேசங்களுள் ஒன்றான திருக்கடிகை என்னும் சோளிங்கர். ஒரு கடிகை, அதாவது 24 நிமிடம், இங்கே தங்கினாலே முக்தி கிட்டும் என்பது ஐதிகம். பெரிய மலையில் யோக நரசிம்மரைச் சேவிக்க 1,305 படிகள். சிறிய மலையில் யோக ஆஞ்சநேயரைச் சேவிக்க 406 படிகள்.

கார்த்திகைதோறும் இவற்றை ஏறிவந்த என் துணைவியார், மூட்டுத் தேய்மானத்தால் சில ஆண்டுகள் அடிவாரத்திலேயே கைகூப்பித் திரும்பினார். வலது முழங்காலில் செயற்கை மூட்டுப் பொருத்தி, மாதக்கணக்கில் பயிற்சி செய்தபின், சென்ற கார்த்திகையில் மீண்டும் புறப்பட்டோம். 2024-இல் தொடங்கிய ரோப் கார் எங்களைப் பெரிய மலைக்கு ஏற்றிச் சென்றது. எதிர்ப்பட்ட படிகளில் மருத்துவர் கற்பித்த முறையே துணை: ஏறும்போது நல்ல கால் முன்னே, இறங்கும்போது சிகிச்சை பெற்ற கால் முன்னே, கைப்பிடியை விடலாகாது.

கால் மடித்து யோகத்தில் வீற்றிருக்கும் பெருமாளைச் சேவித்தபின், பஞ்சாங்க நமஸ்காரம் செய்ய அவருக்கு இயலவில்லை. சம்மணமிடுவதையும் மண்டியிடுவதையும் தவிர்க்குமாறு மருத்துவர் அறிவுறுத்தியிருந்தார். கண்கலங்கியவரிடம் அர்ச்சகர், "நின்று சேவித்தாலும் சேவைதானம்மா" என்றார்.

சிறிய மலைக்கு ரோப் கார் இல்லை. ஆஞ்சநேயரைக் கீழிருந்தே தொழுதோம்.

திரும்பும் வழியில் துணைவியார் சொன்னார்: "முன்பெல்லாம் கைகூப்பி நிற்கும்போதும் முழங்கால் நினைவுதான். இன்று பெருமாள் நினைவு மட்டுமே இருந்தது."

அந்த ஒரு கடிகை போதும்.