முதலுக்கே மோசம் வரலாமா?

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே, மேற்கே பார்த்தால் மலை தெரியும் ஒரு கிராமம். அங்கே நாலு ஏக்கரில் தென்னை வைத்திருக்கும் விவசாயி ஒருவர், ஆவணி மாதத்தில் மூன்றாவது ஆழ்துளைக் கிணற்றுக்கு இடம் குறித்தார்.

முதல் போர் 350 அடி. நாலு வருஷம் தண்ணீர் கொடுத்துவிட்டு நின்றுபோனது. இரண்டாவது 700 அடி. புழுதிதான் பறந்தது. ‘இந்தத் தடவை 1,000 அடி போங்க, ஆறு மாதிரி ஓடுது’ என்றார் நீரோட்டம் பார்க்க வந்தவர். அவர் உள்ளங்கையில் படுத்திருந்த தேங்காய் எழுந்து நின்ற இடத்தில் ஒரு கல்லை நட்டார்கள். செலவுக்கு வீட்டு நகை அடகுக்குப் போக வேண்டும். மகளின் கல்யாணத்துக்காகச் சிறுகச் சிறுகச் சேர்த்த நகை அது.

கல்லூரியில் இயற்பியல் படிக்கும் அந்த மகள் விடுமுறைக்கு வந்திருந்தாள். தோப்பின் கீழ்க்கோடியில் இருக்கும் பழைய கிணற்றின் திண்டில் உட்கார்ந்து, நட்ட கல்லைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“ஏம்ப்பா, போர் போட்டா தண்ணி எங்கிருந்து வரும்?”

“பூமிக்குள்ள இருந்து வரும் தாயி. இதென்ன கேள்வி?”

“பூமிக்குள்ள அது எங்கிருந்து வந்துச்சு?”

“ஊத்து ஓடுது. ஆறு மாதிரி ஓடுதுன்னு அவர் சொன்னாருல்ல.”

“அந்த ஆத்துக்கு எங்கப்பா மழை பெய்யுது?”

அப்பாவுக்கு எரிச்சல் வந்தது. எத்தனை அடி, அடிக்கு என்ன ரேட், எந்த வட்டிக்கடை என்பதுதான் ஒரு வாரமாக வீட்டில் பேச்சு. இவள் என்னவோ சின்னப் பிள்ளை போலக் கேட்கிறாளே என்று நினைத்தார். ஆனால் அந்தக் கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை. அன்று ராத்திரி தூக்கமும் இல்லை.

விவசாயக் குடும்பங்களில் அடிக்கடி காதில் விழும் சொல் ‘முதலுக்கே மோசம்’. முதல் என்றால் போட்ட பணம். முதல் என்றால் ஆரம்பம். எல்லாம் எதன் மேல் நிற்கிறதோ, அந்த அடிப்படைக்கும் முதல் என்றுதான் பெயர். தத்துவம் படித்தவர்களும் விஞ்ஞானிகளும் முதற்கொள்கை என்று சொல்வது இந்த மூன்றாவது பொருளைத்தான். ஒரு முடிவைத் தாங்குவது எது, அதைத் தாங்குவது எது என்று கீழே இறங்கிக்கொண்டே போனால், அதற்கு மேல் இறங்க முடியாத ஓர் இடம் வரும். அதுதான் முதல். என்ன மருந்து, எத்தனை மூட்டை, எத்தனை அடி என்பவை எல்லாம் மேலே இருக்கும் கிளைகள். அடியில் தப்பு இருந்தால், கிளையில் எத்தனை கெட்டிக்காரத்தனம் காட்டினாலும் போட்ட பணம் திரும்பாது.

முதல் எது என்ற கேள்வி ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் புதிதல்ல. மதுரையில் இருந்த வல்லபதேவ பாண்டியன், பரம்பொருள் எது என்று நிலைநாட்டுகிறவருக்குப் பரிசு என்று சொல்லி, பொன்முடிப்பு ஒன்றைக் கம்பத்தில் கட்டித் தொங்கவிட்டான் என்பது வைணவ மரபு சொல்லும் வரலாறு. சாஸ்திரம் கற்ற பண்டிதர்கள் பலர் கூடியிருந்த சபை அது. அங்கே போய் வென்றவர் ஸ்ரீவில்லிபுத்தூரில் நந்தவனம் வைத்துப் பூமாலை கட்டிக்கொண்டிருந்த விஷ்ணுசித்தர். அவரைத்தான் பெரியாழ்வார் என்கிறோம். கம்பம் தானாக வளைந்து கொடுத்தது என்கிறது மரபு. அவர் துளசித் தோட்டத்தில் ஆண்டாளைக் கண்டெடுத்ததாகச் சொல்லப்படும் இடத்தை இன்றும் கோயிலை ஒட்டிக் காட்டுகிறார்கள்.

அரசன் கேட்டது எந்தச் சடங்குக்கு என்ன பலன் என்பதை அல்ல. எல்லாவற்றுக்கும் முதல் எது என்பதை. தோட்ட வேலை செய்தவர் சொன்ன பதிலை அளந்து பார்க்கக் கோல் கிடையாது. அதை நம்பி, வாழ்நாள் முழுக்க அதன் மேல் நின்றார். தத்துவத்திலும் பக்தியிலும் முதல் என்பது அப்படிப்பட்டது. ஒருவர் அதன் மேல் நிற்கிறாரா இல்லையா என்பதுதான் அதற்குச் சோதனை.

தண்ணீருக்கான முதல் வேறு வகை. அதை அளக்க முடியும், அளந்துதான் ஆக வேண்டும்.

ஐரோப்பாவில் நெடுங்காலம் படித்தவர்களே ஒன்றை நம்பினார்கள். இவ்வளவு பெரிய ஆறுகள் ஓட மழை மட்டும் போதாது, கடல்நீர் பூமிக்கு அடியில் புகுந்து மலைக்கு ஏறி ஊற்றாக வருகிறது என்று. பியர் பெரோ என்ற பிரெஞ்சுக்காரர் இதை அளந்தே பார்த்துவிட்டார். செய்ன் ஆற்றின் தலைப்பகுதியில் மூன்று வருஷம் பெய்த மழையையும், ஆற்றில் ஓடிய நீரையும் கணக்கிட்டார். ஆற்றில் ஓடியதைப் போல ஆறு மடங்கு மழை பெய்திருந்தது. 1674-ல் அந்தக் கணக்கு புத்தகமாக வந்தது. ‘மழை போதாது’ என்று யாரும் அளக்காமலேயே சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது.

அவர் நின்ற முதல் எளிமையானது. தண்ணீர் ஒன்றுமில்லாததிலிருந்து உண்டாவதில்லை. ஒன்றுமில்லாமலும் போவதில்லை. வந்த தண்ணீர் எங்கிருந்தோ வந்திருக்க வேண்டும், போன தண்ணீர் எங்கோ போயிருக்க வேண்டும்.

மறுநாள் காலையில் மகள் அதே கணக்கை ஒரு நோட்டில் போட்டாள். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார்.

ஓர் ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் 4,047 லிட்டர் தண்ணீர். வருஷத்துக்கு 800 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், நாலு ஏக்கரில் விழுவது சுமார் 1 கோடியே 29 லட்சம் லிட்டர்.

“அம்புட்டுத் தண்ணியா! அப்ப நமக்கு என்ன குறை?”

“இருங்கப்பா. அதுல வெயில் குடிக்கிறது போக, மரமும் புல்லும் குடிக்கிறது போக, ஓடிப்போறது போக மிச்சம்தான் கீழ இறங்கும். நம்ம பக்கம் அடியில கெட்டிப் பாறை. பத்துல ஒரு பங்கு இறங்குனா அதுவே பெருசு. 13 லட்சம் லிட்டர்னு வைங்க.”

அடுத்தது செலவுக் கணக்கு. 25 அடிக்கு 25 அடி என்று நட்டால் ஏக்கருக்கு 70 மரம். நாலு ஏக்கருக்கு 280. சொட்டுநீரில் மரத்துக்கு ஒரு நாளைக்கு 65 லிட்டர் என்றால், நாளொன்றுக்கு 18,200 லிட்டர். மழை இல்லாத 200 நாளைக்கு 36 லட்சத்து 40 ஆயிரம் லிட்டர்.

வரவு 13 லட்சம். செலவு 36 லட்சம். மீதி 23 லட்சம் லிட்டர் எங்கிருந்து வரும்?

அப்பா நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கெட்டிப் பாறையில் தண்ணீர் நிற்பது வெடிப்புகளில்தான். 350 அடியில் வெடிப்பு இருந்தது, காலியானது. 700 அடியில் வெடிப்பே கிடைக்கவில்லை. 1,000 அடியில் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். கிடைத்தாலும் அது என்றோ எங்கோ இறங்கிய மழைதான். உள்ளே போவதை விட வெளியே எடுப்பது அதிகமானால் அதுவும் ஒரு நாள் நிற்கும். அல்லது பக்கத்துத் தோட்டத்துக் கிணறு நிற்கும். துளை தண்ணீரை உண்டாக்காது. இருந்தால் எடுத்துக் கொடுக்கும், அவ்வளவுதான்.

“முன்னாடி எப்படிப்பா இந்தக் கிணத்துல தண்ணி நின்னுச்சு?” என்று மகள் கேட்டாள்.

அவர் வாயிலிருந்து பதில் உடனே வந்தது. “கண்மாய் பெருகும். கசிவு இறங்கும். கோடையில கூட ஒரு ஆள் மட்டத்துக்குத் தண்ணி கெடக்கும்.”

“இப்ப கண்மாய் ஏன் பெருகலை?”

இந்தத் தடவை அவர் வாய் திறக்கவில்லை. பதில் தெரியும் என்பதுதான் காரணம். அவருடைய தோப்பின் மேல்கோடி கண்மாய்க்கு வரும் வரத்துக்காலைத் தொடுகிறது. 14 வருஷத்துக்கு முன்னால், வரத்துக்காலில் பாதி அகலத்தை மண் போட்டு மேடாக்கி, ஒரு வரிசை தென்னை வைத்திருந்தார். ஒன்பது மரம். எல்லாம் இன்றைக்கு நன்றாகக் காய்க்கிற மரங்கள். அவருக்கு மேலேயும் கீழேயும் இன்னும் சிலர் அதையே செய்திருந்தார்கள்.

“எல்லாரும்தான் போட்டிருக்கான்” என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

‘எல்லாரும்தான்’ என்பதும் ஒரு முதற்கொள்கை போலத்தான் பேசப்படுகிறது. பொது வாழ்க்கையில் அதை விட மோசமான முதல் கிடையாது. பொதுவுக்கு உள்ள முதல், ஒரு ஊரோ ஒரு நாடோ கூடி ஒப்புக்கொண்டு, நஷ்டம் வந்தாலும் விடுவதில்லை என்று காப்பாற்றுவது. அதற்கு உதாரணமும் இந்தப் பக்கத்திலேயே இருக்கிறது.

ராஜபாளையத்துக்காரர் பி.எஸ். குமாரசாமி ராஜா. காந்தியவாதி. 1949 ஏப்ரல் முதல் 1952 ஏப்ரல் வரை சென்னை மாகாணத்தின் ஆட்சித் தலைவராக இருந்தவர். வெள்ளைக்காரர் காலத்தில் சொத்து, வரி, படிப்பு இவற்றைப் பார்த்துத்தான் ஓட்டுரிமை கொடுத்தார்கள். புதிய அரசியல் சட்டம் 21 வயது நிரம்பிய எல்லோருக்கும் ஓட்டு என்றது. 1951-ல் நாட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்குப் பதினெட்டுப் பேர்தான். இவர்களை நம்பி நாட்டைக் கொடுக்கலாமா என்று பலர் கேட்டார்கள். சட்டம் எழுதியவர்கள் அதற்கு அத்தாட்சி தேடிக்கொண்டிருக்கவில்லை. மனிதர் எல்லோரும் சமம், ஆளுக்கு ஒரு ஓட்டு என்பதை முதலாக வைத்தார்கள். மற்றதை அதன் மேல் கட்டினார்கள்.

அந்த முதல் பொதுத் தேர்தலில், பதவியில் இருந்த முதலமைச்சரான குமாரசாமி ராஜா ஸ்ரீவில்லிபுத்தூர் தொகுதியில் தோற்றுப்போனார். சொந்த மண்ணிலேயே தோல்வி. ஏப்ரலில் ராஜாஜி பதவிக்கு வந்தார். பின்னாளில் ஒரிசாவின் ஆளுநராக இருந்த குமாரசாமி ராஜா, ராஜபாளையத்தில் தாம் குடியிருந்த வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தார்.

அந்த விவசாயியின் தாத்தா அந்தத் தேர்தலில்தான் முதல் ஓட்டுப் போட்டவர். பட்டா கிடையாது, கையெழுத்துப் போடத் தெரியாது. ‘முதலமைச்சருக்கும் ஒரு ஓட்டு, எனக்கும் ஒரு ஓட்டு’ என்று சாகிற வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். சின்ன வயதில் பலமுறை கேட்ட அந்தப் பேச்சு, மண் மேட்டில் நிற்கும் ஒன்பது மரத்தையும் பார்க்கும்போது அவருக்கு ஞாபகம் வந்தது. ஆளுக்கு ஒரு ஓட்டு என்றால் கண்மாய்த் தண்ணீரில் கடைமடைக்காரனுக்கும் ஒரு பங்கு உண்டு. தாத்தா கடைமடையில் குத்தகைக்கு உழுதவர்.

மூன்று வகை முதலையும் ஒன்றோடொன்று குழப்பிக்கொண்டதுதான் தன் தப்பு என்பது மெல்ல அவருக்குப் பிடிபட்டது. அளக்க வேண்டிய தண்ணீரை நம்பிக்கையாக வைத்தார், தேங்காய் எழுந்ததும் கல் நட்டார். விட்டுக்கொடுக்காமல் காக்க வேண்டிய வரத்துக்காலை லாப நஷ்டக் கணக்காகப் பார்த்தார், ஒன்பது மரம் வைத்தார். மண்ணின் மேல் வைத்த பற்று ஒன்றுதான் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. நிலத்தை விற்கலாம் என்று ஒரு நாளும் அவர் நினைத்ததில்லை.

புரட்டாசி பிறப்பதற்குள் ஒன்பது மரமும் விழுந்தன. குலையோடு மரத்தைச் சாய்த்த நாளில் அவர் மனைவி தோப்புப் பக்கமே வரவில்லை. மண் மேட்டை வெட்டி எடுத்து, வரத்துக்காலைப் பழைய அகலத்துக்குக் கொண்டுவந்தார்கள். மேலே இருந்த ஒருவர், ‘நீயே எடுத்துட்ட, அப்புறம் நான் என்ன’ என்று தன் பங்கையும் எடுத்தார். இன்னொருவர் இதுவரை எடுக்கவில்லை.

கிணற்றைத் தூர் வாரினார்கள். மரங்களைச் சுற்றி வட்டக்குழி எடுத்து, தேங்காய் மட்டைகளைக் குழிவான பக்கம் மேலே இருக்கும்படி அடுக்கிப் புதைத்தார்கள். ஈரம் தாங்குவதற்கு இது பழகிய வழி. போர் வண்டிக்காரருக்குப் போன் போட்டு, ‘இந்த வருஷம் வேண்டாம், மழையைப் பார்த்துட்டுச் சொல்றேன்’ என்றார்.

ஐப்பசியில் மழை வந்தது. கண்மாய் நிறையவில்லை, பாதி வந்தது. கிணற்றில் கயிற்றை விட்டுப் பார்த்தபோது இரண்டு ஆள் மட்டத்துக்குத் தண்ணீர் இருந்தது. கோடைக்கு அது காணுமா என்பது சித்திரையில்தான் தெரியும். காணவில்லை என்றால் ஓர் ஏக்கர் தென்னையை எடுத்துவிட்டு, மானாவாரியாக ஏதாவது போடலாம் என்று மகள் சொல்லியிருக்கிறாள். அதற்கு அவர் இன்னும் சம்மதிக்கவில்லை. நகை பெட்டியில் இருக்கிறது.

மழைமானி ஒன்று வாங்கி வைத்திருக்கிறார். பெய்த மழையை ஒரு பக்கமும், கிணற்றுத் தண்ணீர் மட்டத்தை ஒரு பக்கமும் மகள் விட்டுப்போன நோட்டில் எழுதி வருகிறார். போர் போடலாமா, எத்தனை அடி போகலாம் என்று ஊரில் யாராவது யோசனை கேட்டால், அந்த நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, “மொதல்ல சொல்லுங்க, தண்ணி எங்கிருந்து வரும்?” என்று கேட்கிறார்.

சிலருக்கு எரிச்சல் வருகிறது. அவருக்கும் வந்ததுதானே!