தறி இருந்த இடத்துல டைனிங் டேபிள்

எங்க வீட்டு சாப்பாட்டு ரூம்ல பட்டப்பகல் பன்னெண்டு மணிக்குக் கூட லைட் போடாம பொங்கல்ல இருக்கறது மிளகா கல்லான்னு கண்டுபிடிக்க முடியாது. கல்யாணமாகி வந்த புதுசுல நான் பல்லு உடைச்சுக்காம தப்பிச்சது வரதராஜப் பெருமாள் புண்ணியம் :)

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையம் பக்கம் வந்தவங்களுக்குத் தெரியும். ரெண்டு பக்கமும் பக்கத்து வீட்டுச் சுவரு. ஜன்னல் வெக்க வழியே இல்ல. முன்னாடி திண்ணை, அப்புறம் தறி போட்ட கூடம், பின்னாடி அடுப்படி, கிணத்தடின்னு ரயில் பொட்டி மாதிரி நீளமா போகும். வெளிச்சம் வரணும்னா வாசல்லேர்ந்து வரணும், இல்ல கொல்லையிலேர்ந்து வரணும். நடுவுல இருக்கற கூடத்துக்கு ரெண்டுமே எட்டாது. எங்க சாப்பாட்டு ரூம் அந்த நடுக்கூடம்தான்.

மாமனார் அதுல நாப்பத்தோரு வருஷம் நெஞ்சிருக்கார். ரெண்டு குழித்தறி. கோர்வைப் புடவைக்கு மூணு நாடா ஓடணும், உடம்புக்கு ஒண்ணு, ரெண்டு பக்கக் கரைக்கும் ஒவ்வொண்ணு. ஒரு ஆளால ஆகாது. பக்கத்துல உக்காந்து கரை நாடாவைத் தள்ள ஒரு கை வேணும். அந்தக் கையெல்லாம் ஒவ்வொண்ணா ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம்னு கம்பெனி பஸ் ஏறிப் போயிடுச்சு. எங்க ரங்கமணியும் அதுல ஒருத்தர். 2009ல மாமாவுக்கு முட்டி வலி வந்து தறியைக் கழட்டினாங்க. குழி மேல பலகையைப் போட்டு, அதுக்கு மேல ரோஸ்வுட் கலர் சன்மைகா ஒட்டின ஆறு பேர் டைனிங் டேபிளைத் தூக்கி வெச்சாங்க. சுவத்துக்குப் பாசிப்பச்சை டிஸ்டெம்பர், ஓதம் தெரியக் கூடாதுன்னு இடுப்பு உயரத்துக்கு காப்பிக்கொட்டை கலர் ஆயில் பெயிண்ட், கறுப்பு கடப்பாக்கல் ஷெல்ஃப். இருட்டு ரூமுக்கு இதைவிட இருட்டா யாராலயும் யோசிக்க முடியாது.

2019ல அத்திவரதர் வெளிய வந்தப்ப (ஜூலை 1லேர்ந்து ஆகஸ்ட் 17 வரைக்கும், 48 நாள்) தமிழ்நாட்டுல எங்களுக்கு இத்தனை சொந்தம் இருக்குன்னே எனக்குத் தெரிஞ்சுது. பந்தி பந்தியா அந்த இருட்டுல சாப்பாடு. கரண்டு போனா செல்போன் டார்ச்சு. அப்பவே ஒரு நாள் இந்த ரூமை மாத்தியே தீரணும்னு நினைச்சேன். காசு சேர இத்தனை வருஷம் ஆச்சு. 25,000 ரூபா. அதுக்கு மேல ஒரு பைசா கிடையாதுன்னு ரங்கமணி கண்டிஷன்.

இதுல ஒரு சிக்கல். மாமா அந்த ரூம்ல சாப்பிடறதே இல்ல. தட்டை எடுத்துட்டு திண்ணைக்குப் போயிடுவார். இருட்டா இருக்கறதாலன்னுதான் நாங்க எல்லாரும் நினைச்சிருந்தோம். கொத்தனார் வந்து குழியைப் பாத்துட்டு, "ரெண்டு வண்டி கப்பி போட்டு மூடி, மேல டைல்ஸ் ஒட்டிடலாம்மா"ன்னார். மாமா ஒண்ணும் பேசல. அன்னிக்கு மத்தியானம் சாப்பிடவும் இல்ல. அத்தைதான் அடுப்படியில மெதுவா சொன்னாங்க, "கால் வெச்சு தொழில் பண்ண குழிம்மா. அதுமேல எச்சில் தட்டு வெக்கறது அவருக்குப் பிடிக்கல". ஆயுத பூஜைக்கு மஞ்சள் குங்குமம் வெச்சுக் கும்பிட்ட இடம். பத்து வருஷத்துக்கு மேல ஒருத்தர் வாயைத் தொறந்து சொல்லல, நாங்களும் கேக்கல.

வேலையை அப்படியே நிறுத்தினோம். நடுவுல பசங்க ஸ்கூல் லீவுக்கு முட்டுக்காடு தட்சிணசித்ராவுக்குப் போயிருந்தோம். 1996ல தொறந்த இடம், பழைய வீடுங்களைப் பிரிச்சுக் கொண்டு வந்து திரும்பக் கட்டி வெச்சிருக்காங்க. அதுல காஞ்சிபுரம் நெசவாளர் வீடு ஒண்ணு உண்டு. மாமா உள்ள போனார், தறியைப் பாத்தார், கூரையைப் பாத்தார். ரொம்ப நேரம் கழிச்சு, "நம்ம வீட்ட டிக்கெட் போட்டு காட்டறாங்க"ன்னார். சிரிச்சாரா இல்லையான்னு எனக்குத் தெரியல. வர்ற வழியில, கேளம்பாக்கம் தாண்டினதும், தானாவே பேசினார். "தம்பி தறிக்குழியை மூடிடுங்க. என்னுதை மூட வேணாம். பின்னாடி யாராச்சும் தறி போட்டா?" ரங்கமணி என்னவோ சொல்ல வாயெடுத்தார். நான் பின்சீட்லேர்ந்து அவர் தோளைத் தட்டினேன். பேசாம வண்டியை ஓட்டினார்.

அப்புறம் வேலை ஜரூரா நடந்தது. உபயம் மாமா!

வெளிச்சத்தைப் பத்தி அவருக்குத் தெரிஞ்சது எந்த இன்டீரியர் டிசைனருக்கும் தெரியாதுங்க. கண்ணாடி ஓடு நாலு வாங்கி கூரையில மாத்தறதுன்னு முடிவாச்சு. நான் வீடியோ எல்லாம் பாத்துட்டு, "வடக்கு வெளிச்சம்தான் சாஃப்டா இருக்கும் மாமா, வடக்குச் சரிவுல போடலாம்"னேன். அது அந்த ஊர்க்காரங்களுக்குன்னார். நம்ம ஊர்ல ஏப்ரல் கடைசியிலேர்ந்து ஆகஸ்ட் நடுவரைக்கும் உச்சி வெயிலே கொஞ்சம் வடக்காலதானே நிக்குது? மத்த மாசத்துல வடக்குச் சரிவு நல்லது, கோடையில கீழ உக்காந்திருக்கறவன் மண்டை வெந்துடும். அதனால வடக்குச் சரிவுலயே போடு, ஆனா டேபிளுக்கு நேர் மேல போடாத, சுவரோரமா போடு. வெயில் சுவத்துல விழுந்து, சுவரு வெளிச்சத்தைக் கொடுக்கட்டும். பட்டு மேல நேரா வெயில் பட்டா சாயம் வெளுக்கும்னு தறிக்கும் இப்படித்தான் ஓடு வெச்சாங்களாம்.

சுவரு வெளிச்சம் கொடுக்கணும்னா சுவரு வெள்ளையா இருக்கணுமே. ஆயில் பெயிண்ட் மேல சுண்ணாம்பு நிக்காது. மூணு நாள் ரெண்டு பேர் சுரண்டினாங்க. வீடு பூரா பச்சைத் தூள், சட்னி அரைச்ச மாதிரி. பெயிண்டுக்கு உள்ள அடைஞ்சு கிடந்த ஓதம் அப்பதான் வெளிய வந்தது, ஒரு வாரம் காய விட்டோம். கிளிஞ்சல் சுண்ணாம்பை ராத்திரி ஊற வெச்சு, துணியில வடிகட்டி, கொஞ்சம் நீலம் கலந்து மூணு தடவை அடிச்சது. முதல் தடவை அடிச்சு முடிச்சப்ப, ஈரத்துல ஒண்ணுமே தெரியாம, காசு போச்சேன்னு இருந்துது. சுண்ணாம்பு காத்தைக் குடிச்சு காயக் காயத்தான் வெள்ளையாகும். மறுநாள் காலையில ரூமுக்குள்ள வந்த அத்தை கண்ணைச் சுருக்கிக்கிட்டாங்க.

டைல்ஸ் வேணாம்னு நான் பிடிவாதம். மூடின குழிக்கு மேலயும், உடைஞ்ச இடத்துலயும் ரெட் ஆக்சைடு. மாமாவோட குழிக்கு மூடியா, ஷெல்ஃப்லேர்ந்து எடுத்த கடப்பாக்கல்லையே தரை மட்டத்துக்குப் பதிச்சோம், தூக்கற மாதிரி. நாடா, அச்செல்லாம் உள்ள பத்திரமா வெக்கலாம்னு நான் சொன்னதுக்கு, "மழைக்கு ஊறும், மரம் மக்கிடும், பரண்ல வை"ன்னுட்டார். டேபிள் எதிர்ப்பக்கம் நகர்ந்துடுச்சு. சன்மைகாவை உரிச்சா உள்ள நல்ல வேப்பம்பலகை! உப்புத்தாள் போட்டு எண்ணெய் பூசினதோட சரி. தறியில உக்கார்ற பலகைக்குக் கால் வெச்சு பெஞ்ச் ஆச்சு. புடவை சுத்தற படமரத்தையும் ஆசாரி ஆசையா பாத்தார். அதை மாமா தொட விடல.

ராத்திரி லைட்டுல ஒரு சின்ன விஷயம். முதல்ல நீல வெள்ளை எல்ஈடி மாட்டினதுல சாம்பார் சாம்பலா தெரிஞ்சுது. காந்தி ரோடு கடையில புடவை எடுக்கறவங்க, அரக்கா மெரூனான்னு பாக்க வாசலுக்குத் தூக்கிட்டு வருவாங்களே, அதே கதை. 3000 கெல்வின் மஞ்சள் பல்பா, நிறத்தை நிறமா காட்டறது, பெட்டியில சிஆர்ஐ 90 போட்டதா பாத்து ரெண்டு வாங்கினோம். விலை கொஞ்சம் ஜாஸ்திதான்.

கணக்கு கேப்பீங்களே. ஓடும் கூலியும் 3,800. சுரண்டல், சுண்ணாம்பு 6,500. தரையும் கொத்தனாரும் 9,900, இதுதான் முழுங்கிடுச்சு. டேபிள், பெஞ்ச் 2,400. லைட்டு 1,250. ஆக மொத்தம் 23,850.

மத்தியானம் மாமா உள்ளதான் சாப்பிடறார், கல்லுக்கு எதிர்ப்பக்கமா. ராத்திரி டிபன் மட்டும் திண்ணையிலதான், காத்து வருதாம். அத்தை நேத்து கரி பிடிச்ச அடுப்படிச் சுவத்தைக் காட்டி, இதுக்கு எவ்ளோ ஆகும்னு கேட்டாங்க. கையில மிச்சம் 1,150 ரூபா இருக்கு.