கொழுந்தும் கலமென்சவ்வும்

தை, மாசி மாதங்களில் திம்புள்ளப் பள்ளத்தாக்கில் மழை ஓய்ந்திருக்கும். கீழ்த்திசை மலைகளிலேயே ஈரத்தை இறக்கிவிட்ட வாடைக்காற்று, வறண்டு குளிர்ந்து, தலவாக்கலை, லிந்துலை, கொட்டகலைச் சரிவுகளில் வீசும். இப்பகுதித் தேயிலைக்கு மணமும் மதிப்பும் மிகுந்த காலம் அது. கொழுந்தெடுக்கும் பெண்ணின் விரல்கள் இரண்டு இலையும் ஓர் அரும்புமாகக் கிள்ளித் தோளுக்கு மேலாகக் கூடையில் எறிகின்றன. கிள்ளிய கணத்தில் கொழுந்து இறந்துவிடுவதில்லை. கூடைக்குள்ளும் அது சுவாசிக்கிறது. தேநீரின் நிறத்தையும் சுவையையும் ஆக்கப்போகும் பொருள்கள் அதன் கலங்களில் இன்னும் தனித்தனி அறைகளிலேயே இருக்கின்றன. அவ்வறைகளின் சுவர்களே மென்சவ்வுகள்.

இச்சுவரின் தடிப்பு ஏறக்குறைய 5 நனோமீற்றர். இரண்டு படை இலிப்பிட்டு மூலக்கூறுகள் முதுகோடு முதுகு சேர்ந்தாற்போல் அமைந்தது அது. தன் போக்கில் விட்டால் மட்டமாகக் கிடக்கவோ பெருங்குமிழியாக மூடிக்கொள்ளவோ விரும்புமேயன்றி, இறுக்கமாக வளைய அது எளிதில் உடன்படாது. ஆயினும் கலத்தினுள்ளே நோக்கின் நுண்குழாய்களும் சிறு பைகளும் மடிப்புகளுமே எங்கும் தென்படுகின்றன. வளைத்தவை எவை? மென்சவ்வில் ஒட்டியும் ஊடுருவியும் நிற்கும் புரதங்களே.

அவை வளைக்கும் முறைகள் பல. சில புரதங்கள் தம் உடலின் ஒரு பகுதியை மென்சவ்வின் ஒரு படையில் மட்டும் ஆப்புப்போல் செருகுகின்றன. அப்படை அகல, மறுபடை அகலாதிருக்க, தகடு தானே வளைந்துவிடுகிறது. பார்பரா பியர்ஸ் 1976 இல் கிளத்திரின் எனப் பெயரிட்ட புரதமோ மூன்று கால்களுடையது. கூடை முடைபவர் பிரம்பின்மேற் பிரம்பைக் கோப்பதுபோல, இம்முக்கால்கள் ஒன்றோடொன்று பின்னிக் கூடாகி, அகப்பட்ட மென்சவ்வைப் பையாக்கிவிடும். வேறு சில புரதங்கள் பிறவியிலேயே வாழைப்பழம்போல் வளைந்தவை. பார் எனப்படும் அப்புரதப் பகுதியின் வடிவம் 2004 இல் கேம்பிறிட்ஜ் ஆய்வாளரால் வெளிப்படுத்தப்பட்டது. அதன் குழிந்த பக்கத்தில் நேர்மின்னேற்றம் மிகுதி. மென்சவ்வின் முகப்பிலோ எதிர்மின்னேற்றம். ஈர்ப்பு உண்டாகி, மென்சவ்வு புரதத்தின் வளைவைத் தானும் ஏற்கிறது. வளைக்கும் கருவியே வளைந்த இடத்தைத் தேடிச் சென்று அமரவும் வல்லது என்பதுதான் இதில் வியப்பு.

தேயிலைக்கு நெருங்கிய கதை பச்சையுருமணியினுள் நிகழ்வது. ஒளியைப் பிடிக்கும் தைலக்கொயிட்டு மென்சவ்வுகள் அங்கே நாணயங்களை அடுக்கினாற்போல் மணியுருக்களாக நிற்கின்றன. ஒவ்வொரு தட்டின் விளிம்பிலும் மென்சவ்வு மிகக் கூர்மையாகத் திரும்பியாக வேண்டும். அத்திருப்பத்தில் வாழும் சிறு புரதக் குடும்பத்தை 2013 இல் ஆய்வாளர் அறிவித்து, கேட் 1 எனப் பெயரிட்டனர். ஆய்வுக்குரிய செடி தேயிலையன்று; கடுகுக் குடும்பத்துச் சிறு களையாகிய அரபிடொப்சிசு. அப்புரதத்தை நீக்கியபோது அடுக்குகள் குலைந்து, மென்சவ்வுகள் அகன்று தட்டையாயின. மிகுதியாக்கியபோதோ அடுக்குகள் ஒடுங்கி உயர்ந்தன. உருவம் என்பது அங்கே இயல்பாகக் கிடைத்ததன்று; இடையறாது தாங்கப்படுவது.

அவ்வாறு தாங்கப்பட்டதைத் தகர்ப்பதே ஸ்டோரின் தொழில். தேயிலையின் பொலிபீனோல் ஒட்சிடேசு என்னும் நொதியம் பெரும்பாலும் பச்சையுருமணியில் உள்ளது. அது தாக்கவேண்டிய கட்டெச்சின்களோ புன்வெற்றிடத்தில் உள்ளன. இடையே மென்சவ்வுகள். கொழுந்தைப் பரப்பி, பன்னிரண்டு முதல் பதினெட்டு மணிநேரம் காற்றில் வாட்டும்போது நீர் வற்றி அச்சுவர்கள் தளர்கின்றன. பின்னர் ரோலர் அதனை முறுக்கிப் பிழிய, சுவர்கள் கிழிந்து நொதியமும் கட்டெச்சினும் வளியின் ஒட்சிசனும் ஒன்றுகூடுகின்றன. பச்சை செம்பாகிறது, தியாபிளேவின் பிறக்கிறது. 1925 இல் நிறுவப்பெற்று, தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் இயங்கும் தேயிலை ஆராய்ச்சி நிலையமும் இம்முறிவின் அளவையும் வேளையையும் ஆராய்ந்து வந்துள்ளது.

வேளை தவறினால்? ரோலரில் முறியவேண்டியது கூடையிலேயே முறிந்துவிடும். சாக்கில் அமுக்கி நிறைத்த கொழுந்து நசுங்குகிறது. தன் சுவாசத்தின் வெப்பத்தாலேயே புழுங்குகிறது. ஸ்டோரை அடையுமுன் சிவந்துபோகிறது. அதனாற்றான் கொழுந்தைக் கையில் இறுக்கிப் பிடிக்காதே, கூடையில் அமுக்காதே என்று மூத்த பெண்கள் புதிதாய் மலைக்கு வரும் இளையவளுக்குச் சொல்லிக்கொடுக்கின்றனர். அவர்கள் நொதியத்தின் பெயரைக் கேட்டதில்லை. ஆயினும் சிவந்த கொழுந்தைக் கண்டதும் எங்கே நசுங்கியது என்று சொல்லிவிடுவர். நிறை கூடவேண்டும், கொழுந்து நசுங்கவும் கூடாது என்னும் இரண்டு கட்டளைகளும் ஒரே கையின்மீதுதான் விழுகின்றன. மாலையில் தராசின் முன் வரிசை நகர்கிறது. நீருக்கென்று சில கிலோ கழிக்கப்படுகிறது. கூடையின் அடியிற் கையை விட்டு, சூடேறிய கொழுந்தைக் கிளறி உதறிக் காற்றாடவிடுகிறாள் ஒருத்தி.