எழுபது பேரும் ஒரு கள்ளிச் செடியும்

நீலி கதையில் முதல் கொலை விழும்போது நடுச்சாமம் தாண்டியிருக்கும். தாசி ஒரு பிராமணன் மடியில் தலைவைத்து உறங்குகிறாள். அந்தப் பிராமணன் மண்ணைக் கூட்டி அவள் தலைக்கு அண்டை கொடுத்துவிட்டு மடியை மெல்ல உருவிக்கொள்கிறான். பிறகு கல்லைத் தேடுகிறான். எங்கள் ஊர்க் கோயில் கொடைக்கு வரும் வில்லுப்பாட்டுப் புலவர் இந்த இடத்தில் வில்லைத் தொடமாட்டார். குடம் மட்டும் தாழ்ந்த குரலில் முனகிக்கொண்டிருக்கும். கல் இறங்கும் நொடியில் இரண்டு வீசுகோலும் ஒன்றாக நாணில் விழ, வில்லில் கட்டிய மணியெல்லாம் அலறும். முன்வரிசையில் உறங்கிப்போன பிள்ளைகள் திடுக்கிட்டு எழுந்து அழும். நகையை அள்ளிக்கொண்டு போகிறவன் சாட்சி இல்லை என்று நினைக்கிறான். பக்கத்தில் ஒரு கள்ளிச் செடி நிற்கிறது.

சென்னையில் மெட்ரோ ரயிலில் போகவர இப்போது ஒலிப்புத்தகம் கேட்கிறேன். போன வாரம் முடித்தது ஒரு கொலைக்கதை. கெட்டிக்காரக் கதைதான். நல்லவன் என்று நம்பியவன் பாதியில் மாறினான், செத்தவள் சாகவில்லையோ என்று சந்தேகம் வந்தது. கடைசியில் கொலைகாரன் இவனா அவளா என்று சொல்லாமலே முடிந்துவிட்டது. காதுக்குள் பேசிய குரல் நின்றதும் பெட்டியைச் சுற்றிப் பார்த்தேன். ஆளாளுக்குக் காதை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். யாரிடம் போய்க் கேட்பது?

வில்லுப்பாட்டில் இந்தச் சங்கடம் கிடையாது. புலவர் ஒரு வரி சொன்னால் இடப்பக்கம் இருப்பவர் ‘ஆமா’ போடுவார். கேட்பவர்களின் சந்தேகத்தையும் அவரே கேட்பார், சில நேரம் நம்மைவிட முட்டாள்தனமாக. அதுபோக, கொடைக்கு வந்த எல்லோருக்கும் கதை முன்னமே தெரியும். செத்த தாசி மறுபிறவியில் நீலியாகி, கள்ளிக் கொம்பைப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வரப்போகிறாள், செட்டியாக மறுபிறவி எடுத்த அந்தப் பிராமணனைப் பார்த்துப் பிள்ளை ‘அப்பா’ என்று மடியேறப் போகிறது, ஊர்க் கரையாளர் எழுபது பேர் அதை நம்பி அவன் கையிலிருக்கும் மந்திர வாளை வாங்கி வைத்துவிட்டு அவளோடு வீட்டில் அடைக்கப் போகிறார்கள். விடிந்தால் அவன் பிணம். அவன் உயிருக்குப் பிணை நின்ற எழுபது பேரும் தீயில் இறங்குவார்கள். திருவாலங்காட்டுப் பக்கத்துப் பழையனூரின் கதை இது. எங்களுக்கோ நாகர்கோவிலை ஒட்டிய கள்ளியங்காட்டில் நடந்தது. மலையாளத்தாருக்கும் அவள் கள்ளியங்காட்டு நீலிதான், 2025-இல் ‘லோகா’ படம்வரை வந்துவிட்டாள்.

முடிவு தெரிந்த கதைக்கு ஏன் விடிய விடிய ஓலைப்பாயில் கிடந்தோம்? தீர்ப்புக்காகத்தான் என்று நினைக்கிறேன். “எழுவது பேரு செத்தது எந்தக் கணக்குல சேரும்?” என்று பாட்டா கேட்பார். “கையில கொழந்தையோட ஒருத்தி வந்து நிண்ணா நீரு நம்பமாட்டேரா?” என்று பெரியம்மை பாய்வாள். கட்டன் சாயை ஆறிப்போகும். இதற்கிடையில் இசக்கியம்மனாகிவிட்ட நீலிக்கு ஆடுகிறவருக்கு அருள் வந்துவிடும். கொலையுண்டவளே எழுந்துவந்து எங்கள் நெற்றியில் திருநீறு பூசுவாள். கொலை செய்தவளும் அவளே. இதற்கு மேல் எந்த எழுத்தாளன் திருப்பம் வைத்துவிட முடியும்? ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் என்ற ஆய்வாளர் எங்கள் பக்கம் வந்து தங்கி, வில்லுப்பாட்டைப் பற்றி 1988-இல் ஒரு புத்தகமே போட்டார். பிறப்புக் கதை, இறப்புக் கதை என்று அவர் பிரித்துக் காட்டியது சரிதான். எங்களை உலுக்கியது இரண்டாவது வகை.

உண்மையிலேயே தீர்ப்பு முடிவாகாத கதை ஒன்றும் உண்டு, தம்பிமார் கதை. 1729-இல் திருவிதாங்கூர் அரசர் ராமவர்மா இறந்ததும் மருமகன் மார்த்தாண்டவர்மா பட்டத்துக்கு வந்தார். ராமவர்மாவின் மகன்களான தம்பிமார் இருவரும் கொல்லப்பட்டார்கள். புது அரசரின் உயிருக்குக் குறிவைத்த கலகக்காரர்கள் என்கிறது அரண்மனைப் பக்கத்து வரலாறு. 1891-இல் வந்த சி.வி. ராமன் பிள்ளையின் நாவலிலும் அவர்கள் வில்லன்கள்தான். வில்லுப்பாட்டு வேறு மாதிரி சொல்லும். தம்பிமாரின் தங்கையை மார்த்தாண்டவர்மா பெண் கேட்ட இடத்தில் பகை முளைக்கிறது, அண்ணன்மார் சூதால் சாகிறார்கள்.

இந்தக் கதையில் எங்கள் ஊர் இரண்டாகப் பிரிந்துவிடும். காரணம் ராஜவிசுவாசம் இல்லை. நாஞ்சில் வெள்ளாளர் வீடுகளிலும் மருமக்கள் வழிதான் நடந்தது, சொத்து மகனுக்குப் போகாமல் மருமகனுக்குப் போகும். 1926-இல் சட்டம் வந்துதான் மக்களுக்குச் சொத்தில் உறுதியான பங்கு கிடைத்தது. கவிமணி அந்த வழக்கத்தைப் பற்றி ஒரு மான்மியமே பாடியிருக்கிறார். மாமன் சொத்தில் உட்கார்ந்த குடும்பத்துப் பாட்டாக்கள் அரசர் பக்கம். அப்பன் வயலில் உழைத்து வெறுங்கையோடு வெளியேறியவர்களின் பிள்ளைகள் தம்பிமார் பக்கம். வில்லுக்காரர் வாழி பாடி முடித்த பிறகும் வாய்ச்சண்டை ஓயாது. வரப்பில் வரிசையாக வீடு திரும்பும்போது முன்னால் போகிறவர் திரும்பி நின்று பதில் சொல்வார், பின்னால் இருப்பவர்கள் சேற்றில் கால் வைப்பார்கள்.

இப்போதும் கொடை நடக்கிறது, வில்லும் உண்டு. பல இடங்களில் கதையைச் சுருக்கிக்கொண்டு மெல்லிசைக்கு மேடையை விட்டுவிடுகிறார்கள். கைபேசியில் பதிவுகள் கிடைக்கின்றன. கேட்டேன், பாட்டு அப்படியே இருக்கிறது. பெரியம்மையின் எதிர்ப்பேச்சு இல்லாமல் அரைமணி நேரத்துக்கு மேல் தாங்க முடியவில்லை.

ஒலிப்புத்தகக் கதையை ஊரில் இருக்கும் அத்தான் ஒருவருக்குப் போனில் முழுசாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார், நடுநடுவே ஆமாவும் போட்டார்.

“அவதான் கொன்னா.”

“எப்படிச் சொல்லுதிய?”

“அவ மாமியாருக்க நகை எங்க போச்சுண்ணு ஒருத்தனும் கேக்கல்ல பாத்தியா?”

நகை விஷயம் எனக்கு மறந்தே போயிருந்தது. இரண்டாம் அத்தியாயத்தை மறுபடி போட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.