முந்தைய தேதியிட்ட தாள்கள்



ஆகாப் ராஜாவின் அரமனை விசாரிப்புக்காரனாகிய ஒபதியாவைக் குறித்துப் பலமுறை பிரசங்கித்திருக்கிறேன். யேசபேல் தீர்க்கதரிசிகளைச் சங்கரித்தபோது, நூறு பேரைக் கெபிகளில் ஒளித்து அப்பமும் தண்ணீரும் கொடுத்தவன் அவன். அந்தத் துணிவைப் பாராட்டிய நான், எலியாவின்முன் அவன் நடுங்கியதை எப்போதும் விரைவாகக் கடந்துவிடுவேன். ராஜா தன்னைக் கொன்றுபோடுவான் என்று அங்கே அவன் மூன்றுமுறை சொல்லுகிறான்.

அண்மையில், அரசுப் பணியிலிருக்கும் நம் சகோதரர் ஒருவர் என்னிடம் வந்தார். மனச்சாட்சிக்கு ஒவ்வாத ஒரு கோப்பில் கையெழுத்திடும்படி மேலிருந்து அழுத்தம் வருகிறது என்றார். “மறுத்துவிடுங்கள், தேவன் பார்த்துக்கொள்வார்” என்றேன். “பார்த்துக்கொள்வார் ஐயா. ஓய்வுபெற இன்னும் இரண்டு ஆண்டுகள்தான் இருக்கின்றன” என்று மெல்லச் சொல்லிவிட்டுப் போனார். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. முன்பு வாசித்திருந்த ஒருவருடைய வரலாறு நினைவுக்கு வந்தது.

பவுல் குரூனிங்கர், சுவிட்சர்லாந்தின் சங்க்ட் காலன் மாநிலக் காவல்துறை அதிகாரி. ஆசிரியராயிருந்து காவல்துறைக்கு வந்தவர், இளமையில் கால்பந்தாட்டக்காரர். 1938 மார்ச்சில் ஹிட்லர் ஆஸ்திரியாவை இணைத்துக்கொண்டபின், யூதர்கள் அவருடைய எல்லையை நோக்கி ஓடிவந்தனர். ஆகஸ்டில் சுவிஸ் அரசு எல்லையை மூடியது. வருகிறவர்களைத் திருப்பியனுப்ப வேண்டும் என்பது ஆணை. குரூனிங்கர் அனுமதித்தார். எல்லை மூடப்படுவதற்கு முன்பே வந்தவர்கள் என்று தோன்றும்படி, தாள்களில் முந்தைய தேதி இடப்பட்டது. நூற்றுக்கணக்கானோர் பிழைத்தனர். (பொய்த் தேதி இடலாமா என்று வேதபாட வகுப்பில் யாரேனும் கேட்கக்கூடும். எகிப்தின் மருத்துவச்சிகளான சிப்பிராளையும் பூவாளையும் முதலில் கேளுங்கள் என்பேன்.)

1939இல் அவர் பதவி பறிக்கப்பட்டது, ஓய்வூதியமும் போயிற்று. 1940இல் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி எனத் தீர்த்து அபராதம் விதித்தது. அவதூறுகள் பரவின. லோசானில் படித்துக்கொண்டிருந்த மகள் படிப்பை நிறுத்தி வீடு திரும்பினார். நிலையான வேலை அவருக்கு அதன்பின் கிடைக்கவேயில்லை. அது சர்வாதிகார நாடன்று. ஆகாபைப்போல் அவரைக் கொல்லத் தேடியவர் எவருமில்லை. சம்பளத்தையும் நற்பெயரையும் எடுத்துக்கொண்டார்கள், அவ்வளவே. 1972இல் வறுமையில் இறந்தார். அவர் குற்றமற்றவர் என்று நீதிமன்றம் அறிவித்தது 1995இல்.

என்னை வருத்துவது, பதவி இழந்ததற்கும் இறந்ததற்கும் இடைப்பட்ட 33 ஆண்டுகள். ஒபதியா நூறு பேருக்கு அப்பம் கொடுத்தான். அவன் வேலை இழந்திருந்தால் அவன் வீட்டுக்கு அப்பம் கொண்டுபோயிருப்பவர் யார்? இந்தக் கேள்வியை நான் ஒரு பிரசங்கத்திலும் கேட்டதில்லை.

நேற்று மாலை அந்தச் சகோதரரின் வீட்டுக்குப் போனேன். இம்முறை அறிவுரை ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கடன் தவணை எவ்வளவு, பிள்ளையின் கல்லூரிக் கட்டணம் எவ்வளவு என்று கேட்டேன். அவர் மனைவி சற்றுத் தயங்கி, ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்கள். அவர்கள் சம்மதத்துடன், பெயரைச் சொல்லாமல், அந்தத் தாளை வருகிற சேகரக் குழுக் கூட்டத்துக்கு எடுத்து வருகிறேன்.