நாட்காட்டியின் பின்னே

திருச்சிராப்பள்ளி மேலப்புதூரில் வாடகை வீடுகளிலேயே முப்பது ஆண்டுகளைக் கழித்துவிட்ட கணவன் மனைவியாகிய எங்களுக்கு, பணி ஓய்வுத் தொகை கைக்கு வந்ததும் சொந்த வீடு என்னும் ஆசை துளிர்த்தது. 2022ஆம் ஆண்டில் ஒரு ஞாயிறன்று திருப்பலி முடிந்து வந்து நாளிதழைப் புரட்டியபோது, வங்கியொன்றின் ஏல அறிவிப்பு கண்ணில் பட்டது. திருவரங்கத்தில் காவிரிக் கரையை ஒட்டிய தெருவொன்றில் ஒரு சிறு வீடு. கிழக்கே எவர் மனை, மேற்கே எந்தத் தெரு என்று செக்குபந்தியெல்லாம் அச்சாகியிருந்தது. கேட்பு விலையோ சந்தை விலையினும் குறைவு. 'இறைவனாகப் பார்த்துக் கொடுத்தது' என்று பேசிக்கொண்டோம்.

மறுநாளே பேருந்தேறிப் பாலத்தைக் கடந்து அந்தத் தெருவை அடைந்தோம். கதவைத் திறந்தவர் எழுபது வயதை எட்டிய ஓர் அம்மையார். யாரென்றும் கேளாமல், "வாங்க, உக்காருங்க" என்று திண்ணையைக் காட்டிவிட்டுத் தண்ணீர் கொண்டுவந்தார். திண்ணைச் சுவரில் பெரிய நாட்காட்டியொன்று தொங்கியது. அது சென்ற ஆண்டுக்குரியது.

"வீட்டைப் பார்க்க வந்தோம், அம்மா" என்றோம், தரையைப் பார்த்தபடி.

அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு எழுந்து நாட்காட்டியை ஒருபுறம் விலக்கினார். அதன் பின்னே வங்கி ஒட்டிச் சென்ற அறிவிப்பு இருந்தது. "தெருவுல போறவங்க படிக்கிறாங்க. அதான் மாட்டி வச்சேன்" என்றார். பின்னர் எங்களை உள்ளே அழைத்துச் சென்று ஒவ்வோர் அறையாகக் காட்டினார். கொல்லைப்புறத்தில் நின்று, "கெணத்துத் தண்ணி நல்லா இருக்கும், கோடையிலயும் வத்தாது" என்றார். விடைபெறும்போது அவர் சொன்ன சொல்லை நாங்கள் இன்றளவும் சுமந்து திரிகிறோம்: "பேங்க்காரங்களை விட்டா, எட்டு மாசத்துல இந்த வாசப்படி ஏறினது நீங்கதான்."

அவருடைய மகன் துவாக்குடியில் ஒரு பட்டறை வைத்திருந்தவர். திருவெறும்பூர்ப் பாரத மிகுமின் நிறுவனம் அனல் மின்நிலையங்களுக்குக் கொதிகலன்கள் செய்கிறது. அதற்குரிய இரும்புப் பணிகளை நம்பி வளர்ந்தவை துவாக்குடியைச் சுற்றியுள்ள சிறு பட்டறைகள். நாட்டில் புதிய அனல் மின்நிலையங்கள் குறையக் குறைய, பட்டறைகளுக்கு வேலையும் குறைந்தது. 2014இல் உச்ச நீதிமன்றம் நிலக்கரிச் சுரங்க ஒதுக்கீடுகள் பலவற்றை நீக்கியதும், அதன்பின் நாடு சூரிய ஒளி மின்சாரத்தின் பக்கம் திரும்பியதும் இதன் பின்னணியில் உண்டு. எங்கோ தில்லியில் எழுதப்பட்ட ஒரு தீர்ப்பின் அதிர்வு, திருவரங்கத்துத் திண்ணை வரை வந்து சேர்கிறது. இந்நிலையில் 2020இல் கொள்ளைநோயும் வந்தது. ரிசர்வ் வங்கி அவ்வாண்டு மார்ச் முதல் ஆகஸ்ட் வரை ஆறு மாதத் தவணைகளைத் தள்ளிவைக்க இடமளித்தது. ஆனால் வட்டி நிற்கவில்லை. பட்டறைக் கடனுக்குப் பிணையாக நின்றது இந்த வீடு. பத்துப் பேருக்குக் கூலி கொடுத்த மகன், இன்று குசராத்தில் பற்றவைப்புத் தொழிலாளியாகக் கூலி வாங்குகிறார்.

நாங்கள் ஏலம் கேட்கவில்லை. அதைப் பெருமையாகச் சொல்லவும் இயலவில்லை. நாங்கள் விலகியதால் அந்த வீடு பிழைத்துவிடவில்லை, வேறொருவர் வாங்கினார். அவரும் நம்மைப் போல் ஒரு கூரைக்கு ஏங்கியவராக இருக்கலாம். வங்கியையும் எப்படிப் பழிப்பது? எங்கள் ஓய்வூதியச் சேமிப்புக்கு வட்டி தருவதும் இத்தகைய கடன்கள் திரும்பி வருவதனால்தானே?

எனினும் அந்த எட்டு மாதங்கள் எங்களை உறங்கவிடவில்லை. முற்காலத்தில் நீதிமன்ற ஜப்தி என்றால் வீட்டுவாசலில் தண்டோரா ஒலிக்கும்; ஊரே கூடும். இன்று ஏலம் கணினித் திரையில் ஓசையின்றி முடிகிறது. 2002ஆம் ஆண்டுச் சர்ஃபேசி சட்டத்தின்படி, தவணை 90 நாள் நிலுவையானால் கடன் வாராக்கடனாகிறது. பிறகு 60 நாள் கெடு கொடுத்து அறிவிப்பு வருகிறது. அதற்குக் கடன்பட்டவர் ஆட்சேபம் எழுதினால், வங்கி 15 நாளுக்குள் பதில் தர வேண்டும். வங்கி சொத்தைச் சுவாதீனம் எடுத்தால், 45 நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தை அணுகலாம். ஆனால் ஏல அறிவிப்பு வெளியாகிவிட்டால், கடனைக் கட்டி வீட்டை மீட்கும் உரிமை முடிந்துவிடுகிறது என்று 2023இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. நாளிதழில் நாம் படிக்கும்போது காலம் கடந்துவிடுகிறது என்பதே இதன் பொருள்.

திருவிவிலியத்தில் லேவியர் நூலின் 25ஆம் அதிகாரத்தை எடுத்துப் படித்தோம். யூபிலி ஆண்டில் நிலங்கள் பழைய உரிமையாளரிடம் திரும்பும் என்பது நாம் அறிந்ததே. மதில் சூழ்ந்த நகரத்து வீடுகளுக்கு அந்தச் சலுகை இல்லை என்பதை அன்றுதான் கவனித்தோம். அவற்றை விற்றவர் ஓராண்டுக்குள் மீட்கலாம். தவறினால் வாங்கியவருக்கே நிலைத்துவிடும். ஏழு மதில்கள் சூழ்ந்த திருவரங்கத்தை எண்ணிக்கொண்டோம். அந்தப் பழைய சட்டமும் கெடு வைத்தது. ஆனால் அதே அதிகாரம், வறுமையுற்றவரின் நெருங்கிய உறவினர் வந்து அவர் விற்ற நிலத்தை மீட்கவும் சொல்கிறது. கெடு இருந்தது, கூடவே, அதற்குள் வரவேண்டிய ஓர் உறவும் இருந்தது.

எங்கள் அன்பியத்தில் ஒருவர் பல மாதங்களாகக் கூட்டத்திற்கு வரவில்லை. 'வசதி வந்ததும் தலைக்கனம்' என்று நாங்களும் பேசியிருந்தோம். திருவரங்கத்திலிருந்து திரும்பிய வாரமே அவர் வீட்டுக்குச் சென்றோம். அலமாரியில் துணிகளுக்கடியிலிருந்து அவர் எடுத்துத் தந்த அறிவிப்பில் இன்னும் 19 நாள்கள் மீதமிருந்தன. மனைவிக்குக்கூட அவர் அதைக் காட்டவில்லை. வழக்கறிஞர் ஒருவரைக் கொண்டு ஆட்சேபம் எழுதி, வங்கி மேலாளரை அவருடன் சென்று கண்டோம். இறுதியில் வீட்டைத் தாமே நியாயமான விலைக்கு விற்று, கடனை அடைத்து, மிச்சத்தில் சிறு தொகையோடு வாடகை வீட்டுக்குச் சென்றார். வீடு போயிற்று, ஆனால் ஏலத்தில் போகவில்லை. அவரே கதவைப் பூட்டி, அவரே சாவியைக் கொடுத்தார்.

நாங்கள் செய்தது பெரிதன்று. ஒரு வாசற்படி ஏறினோம்; அவ்வளவே. திருவரங்கத்துக் கிணற்றில் இன்று வேறு எவரோ நீர் இறைக்கிறார்கள். நாங்களோ இன்னும் வாடகை வீட்டில்தான் இருக்கிறோம். ஆனால் அன்பியக் கூட்டத்தில் ஒருவர் தொடர்ந்து வராவிட்டால், அவரைப் பற்றி இப்போது பேசுவதில்லை. அவர் வீட்டுக்குப் போகிறோம்.